ஒரே முகவரியில் இரண்டு ஆட்டக்காரர்கள்

பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதும், முறை வந்தவரை உள்ளே அனுப்புவதும்தான் அவள் வேலை. அதனால் அந்த வட்டாரத்தில் அவளுக்குப் பெயரே டோக்கன் அக்கா. பல்வலியோடு வருகிறவர் எவ்வளவு கத்தினாலும் குரலை உயர்த்தாமல், “உக்காருங்க, அடுத்தது நீங்கதான்” என்பாள். பெரும்பாலும் அடுத்தது அவராக இருக்காது. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் பாதி வலி இறங்கிவிடுவதை அவள் பல வருஷமாகப் பார்த்திருக்கிறாள்.

எல்லாரையும் உட்காரவைத்த பிறகு அவள் செஸ் ஆடுவாள்.

சின்ன வயதில் அவள் வீட்டில் ஒரு செஸ் பலகை இருந்தது. ஆடியது இரண்டு அண்ணன்களும்தான். ஆட்டம் முடிந்ததும் காய்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடிவைப்பது மட்டும் அவளுக்கு விட்டுவைத்த பங்கு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். “அந்தக் குதிரையை நகர்த்தாதே, ராணி போயிடும்” என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னதற்குப் பெரிய அண்ணன் தலையில் குட்டினான். ராணி போனதும் இன்னொரு குட்டு விழுந்தது. அதோடு சரி. படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை என்று வருஷங்கள் ஓடிவிட்டன. மகள் வெளியூரில் படிக்கப் போய், வீடு சத்தமில்லாமல் ஆனபோது, மூலை உடைந்த ஒரு டேப்லெட்டை டாக்டர் குப்பையில் போடப் போனார். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதில்தான் ஆட்டம் மறுபடி தொடங்கியது.

செஸ் தளத்தில் ஒரு புனைபெயர் கேட்டது. யோசிக்காமல் “அடுத்தவர்” என்று போட்டாள்.

கொஞ்ச நாளிலேயே ‘அடுத்தவர்’ என்றால் தளத்தில் சிலர் பயப்பட ஆரம்பித்தார்கள். அவசரப்படாத ஆட்டம் அவளுடையது. எதிராளி பாய்ந்து வரட்டும் என்று காத்திருப்பாள், பாய்ந்து களைத்த பிறகு ஒரு சிப்பாயை மெல்ல நகர்த்துவாள், அங்கேயே கதை முடிந்துவிடும். அவளுக்குச் சரிக்குச் சரியாக ஆடியது ஒரே ஒருவர்தான். அவர் புனைபெயர் “ஓடு”. ஆரம்பத்தில் அவளுக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. எதிரே உட்காருகிறவரைப் பார்த்து ‘ஓடு’ என்று விரட்டுகிறானே, என்ன திமிர் என்று நினைத்தாள். ஆட்டமும் பெயருக்கு ஏற்ற மாதிரிதான். எடுத்த எடுப்பிலேயே குதிரையைக் காவு கொடுத்துவிட்டு வீடு புகுந்து அடிக்கிற ஆட்டம். சில சமயம் நடு ஆட்டத்தில் ஆளே காணாமல் போய்விடுவார். கடிகாரம் கரைந்துகொண்டே இருக்கும். கடைசி நொடியில் வந்து இடியாக ஒன்று இறக்குவார். பகல் பூராவும் பல்வலிக்காரர்களைச் சமாளிக்கும் அவளுக்கு, ஓடு என்ற பெயர் திரையில் வந்தாலே முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

அந்த வருஷமும் தளத்துக்காரர்கள் பெரிய போட்டி ஒன்று நடத்தினார்கள். தகுதிச் சுற்றில் நன்றாக ஆடிய எட்டுப் பேர் காலிறுதிக்குப் போவார்கள். அவளும் போனாள், ஓடும் போனார். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் அவர்கள் இருவருக்கும் நடுவேதான். அதில் ஓடு ஜெயிக்க வேண்டிய இடத்தில், பச்சைக் குழந்தைகூடச் செய்யாத தப்பு ஒன்றைச் செய்தார். ராஜாவுக்குக் காவலாக நின்ற யானையை எடுத்துக்கொண்டு போய் ஒன்றுக்கும் ஆகாத சிப்பாயை வெட்டினார். அடுத்த நகர்த்தலில் அவள் மேட் வைத்தாள். வைத்தாளே தவிர, சந்தோஷமாக இல்லை. “என்னமோ ஆயிடுச்சு இவருக்கு” என்று கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அந்தப் பகுதியில் உள்ள அடுக்குமாடிகளின் லிஃப்டுகளெல்லாம் அவன் கைபட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. செஸ் அவனுக்குத் தெரியாது. ஆனாலும், “ஜெயிச்சியா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல” என்று கேட்டுவிட்டு, அக்கம்பக்கத்தில் போய்ப் பீற்றிக்கொள்வான்.

இரண்டு நாள் கழித்து கிளினிக்கில் டேப்லெட்டைத் திறந்தாள். கணக்கு முடக்கப்பட்டிருந்தது. ‘உங்கள் கணக்கும் “ஓடு” என்ற கணக்கும் ஒரே இணைய முகவரியிலிருந்து இயங்குகின்றன. ஒரே ஆள் இரண்டு கணக்கு வைத்து, ஒன்றை வேண்டுமென்றே தோற்கடித்து மற்றதை முன்னேற்றியதாகத் தெரிகிறது. இரண்டு கணக்குகளும் போட்டியிலிருந்து நீக்கப்படுகின்றன.’ அதன் கீழே புள்ளி வைத்த நான்கு எண்களாக ஒரு நீளமான எண். அதுதான் அந்த முகவரியாம். போட்டியின் பக்கத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில், அவள் பெயருக்கு எதிரே ‘மோசடி’ என்று சிவப்பில் போட்டிருந்தது.

வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “அடுத்தது யாரும்மா?” என்று கேட்டார். அவள் அந்தச் சிவப்பு எழுத்தையே மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மாடி வீட்டிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள். கணவனின் தங்கை, செய்தி எங்கே இருந்தாலும் முதலில் மோப்பம் பிடிப்பவள். “என்ன அண்ணி, உங்க பேருக்கு நேரா என்னமோ செவப்பா போட்டிருக்காமே?” என்று ஆரம்பித்தாள்.

“நான் ஏமாத்தலை” என்றாள் அவள்.

“நீங்க ஏமாத்தினீங்கன்னு யாரு சொன்னா? ஆனா கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?”

அந்த ஒரு கேள்விதான் அவளைக் கிளப்பிவிட்டது. அழுதுகொண்டிருந்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கம்ப்யூட்டர் பொய் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சொன்னதை யாரோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டில் எது என்று பார்த்துவிட வேண்டியதுதான்.

கணவன் தன் பங்குக்கு உதவ வந்தான். “லிஃப்ட் மக்கர் பண்ணினா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம். அதே வைத்தியம்தான்” என்று சொல்லிவிட்டு, அலமாரி மேல் இருந்த ரூட்டரின் சுவிட்சைத் தட்டி அணைத்துப் போட்டான். முகவரியைக் காட்டும் தளம் ஒன்றைத் திறந்து பார்த்தார்கள். கடைசி எண் மட்டும் மாறியிருந்தது.

“பாரு! முகவரி மாறிடுச்சு! பிரச்சினை தீர்ந்துச்சு!” என்று குதித்தான்.

“பேரு மேல விழுந்த கறை மாறலையேங்க” என்றாள். ஆனால் அந்த மாறிய எண் அவளை யோசிக்கவைத்தது. வீட்டுக்கு முகவரி என்றால் நின்ற இடத்தில் நிற்க வேண்டாமா? ஒரு சுவிட்சைத் தட்டினால் மாறுகிற முகவரியை நம்பி ஒருத்தியை ஏமாற்றுக்காரி என்று எப்படிச் சொல்லலாம்?

மறுநாள் மதியம், டாக்டர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ரூட்டருக்கு உள்ளே எப்படிப் பார்ப்பது என்று தேடிப் படித்தாள். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ரூட்டர் தன் முகவரி என்று ஒரு எண்ணைக் காட்டியது. நூறில் ஆரம்பிக்கிற எண். வெளித்தளமோ வேறு எண்ணைச் சொன்னது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். சந்தேகமே இல்லை. தன் வீட்டுப் பெட்டி நினைத்துக்கொண்டிருக்கும் முகவரி ஒன்று, உலகத்துக்குத் தெரிவது இன்னொன்று. அப்படியானால் நடுவில் வேறு ஏதோ இருக்கிறது.

இணைய இணைப்பு கொடுக்கிற நிறுவனத்தின் கிளை அலுவலகம் இரண்டு தெரு தள்ளி, ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. உள்ளே ஒரு பெண் இன்ஜினியர், இடுப்பில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டு, அடர்ந்த ஒயர்களுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தாள். டோக்கன் அக்கா வந்த விஷயத்தைச் சொன்னாள். இரண்டு எண்களையும் சொன்னதும் அந்தப் பெண் ஒயருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தாள்.

“ரெண்டும் வேற வேறன்னு நீங்களே பார்த்தீங்களா?”

“ஆமா. நடுவுல என்ன இருக்குன்னு கேக்கத்தான் வந்தேன்.”

இன்ஜினியர் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க. உங்க வீட்டுல இருக்கிற ஃபோன், டேப்லெட் ஒவ்வொண்ணுக்கும் ரூட்டர் ஒரு நம்பர் குடுக்கும். அது வீட்டுக்குள்ள மட்டும் செல்லும். வெளியில போறப்போ எல்லாம் ஒரே நம்பர்லதான் போகும். அது புரியுதா?”

“புரியுது.”

“அதே வேலையை நாங்க இந்தப் பகுதி முழுசுக்கும் செய்யறோம். பழைய மாதிரி நம்பர்கள் உலகத்துல தீர்ந்து போச்சு. நீளமா புது மாதிரி ஒண்ணு வந்தாச்சு. ஆனா இன்னும் எல்லாத் தளமும் அதுக்கு மாறலை. அதனால சுத்துவட்டாரத்து வீடுங்களை எல்லாம் ஒரு பெரிய பெட்டிக்குப் பின்னால நிறுத்தி, வெளியில எங்ககிட்ட இருக்கிற ரெண்டு மூணு நம்பர்ல மாத்தி மாத்தி அனுப்பறோம். நூறுல ஆரம்பிக்குது பாருங்க, அது எங்க பெட்டி உங்களுக்குக் குடுத்தது. வெளியில தெரியறது உங்களுதும் இல்லை, பக்கத்து வீட்டுதும் இல்லை. எல்லாருக்கும் பொது.”

“அப்போ பதில் எப்படிச் சரியான வீட்டுக்கு வருது?” என்று கேட்டாள் அவள்.

இன்ஜினியருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. “நம்பரோட வால்ல இன்னொரு சின்ன நம்பர் ஒட்டிக்கிட்டுப் போகும். போர்ட்னு சொல்லுவோம். எந்த நேரத்துல எந்த போர்ட் எந்த வீட்டுக்குன்னு எங்க பெட்டிக்குத் தெரியும். செஸ்காரங்க வாலை விட்டுட்டு முன்பாதியை மட்டும் பார்த்திருக்காங்க.”

“எங்க கிளினிக்ல ஒருத்தருக்குப் பல்வலின்னா ஒரு டோக்கன்ல குடும்பமே உள்ள வந்துடும். அந்த டோக்கன்காரர் டாக்டரைத் திட்டினாருன்னு சொன்னா, திட்டினது யாரு, மாமனாரா மருமகனான்னு எப்படிச் சொல்றது?”

“அதேதான் அக்கா! கூடவே, காலைல அந்த டோக்கன் ஒருத்தர்கிட்ட, சாயங்காலம் வேற ஒருத்தர்கிட்ட. இது இணைப்பைக் காட்டுற நம்பர். ஆளைக் காட்டாது. வீடு எங்க பெட்டிக்குப் பின்னால இருந்தா இணைப்பைக்கூடச் சரியா காட்டாது.”

“அந்த ஓடு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“நேரமும் போர்ட்டும் குடுத்தா கண்டுபிடிக்கலாம். ஆனா சொல்ல மாட்டேன். உங்களைப் பத்தி அவர் கேட்டாலும் சொல்ல மாட்டேன். சட்டப்படி கேக்க வேண்டியவங்க கேட்டாத்தான். ஆனா ஒண்ணு. இந்தப் பெட்டிக்குப் பின்னால இருக்கிறது இந்தச் சில தெருக்கள்தான். ஆள் எங்கேயோ தூரத்துல இல்லை.”

மாடிப்படி இறங்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளும் எங்கோ கடல் கடந்து இருக்கிறான் என்று நினைத்தவன், தான் தினமும் காய்கறி வாங்குகிற தெருவில் இருக்கிறானாமே!

முகவரி பொதுவானது என்று இன்ஜினியர் எழுதிக்கொடுத்த சான்றைப் போட்டியின் நடுவருக்கு அனுப்பினாள். நடுவர் வீடியோவில் பேசினார். மெலிந்த, நிதானமான மனிதர். ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பேசுகிறவர்.

“மேடம், இதை நான் நம்பறேன். ஆனா இது என்ன சொல்லுது? நீங்க ரெண்டு பேரா இருக்கலாம்னு சொல்லுது. ரெண்டு பேருதான்னு சொல்லலை. அந்த ஆட்டத்தோட கடைசி நகர்த்தலைப் பார்த்தா, தெரிஞ்ச யாரும் அப்படித் தோக்க மாட்டாங்க.”

“அதை அவரைத்தானே சார் கேக்கணும்?”

“கேட்டோம். மெயில் அனுப்பினோம். பதில் இல்லை. சனிக்கிழமை காலிறுதி. அதுக்குள்ள அவர் வந்து நின்னா, ரெண்டு பேரையும் திரும்பச் சேர்த்துக்கறேன்.”

“எங்க இருக்காருன்னு...”

“அது நான் சொல்ல முடியாது.”

யாரும் சொல்ல மாட்டார்கள். சரி, வேண்டாம், நானே பிடிக்கிறேன் என்று முடிவு கட்டினாள். ஆனால் தெருத்தெருவாகப் போய் ‘இங்கே ஓடு யாருங்க?’ என்று கேட்க முடியுமா? கேட்டால் யாராவது ‘ஓடு’ என்று அவளையே விரட்டிவிடுவார்கள். அவள் பெயரும் அவருக்குத் தெரியாது, முகமும் தெரியாது. அவர்கள் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடைசி ஆட்டம்.

உடனே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பலகையை வரைந்தாள். ஓடு அந்த விபரீதத் தப்பைச் செய்வதற்குச் சற்று முன்னால் காய்கள் எங்கெங்கே நின்றனவோ, அப்படியே நிறுத்தினாள். அதன் கீழே பெரிய எழுத்தில், ‘கறுப்பு என்ன ஆடியது? தெரிந்தவர் உடனே அழைக்கவும்’ என்று எழுதி, கைபேசி எண்ணைப் போட்டாள்.

“இதை எங்க ஒட்டுறது?” என்று கேட்ட கணவனை அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. “அடடே! லிஃப்ட்ல!”

லிஃப்டில் ஏறுகிறவனுக்குப் பார்க்க வேறு ஒன்றுமில்லை. கதவைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து ஆளின் பிடரியைப் பார்க்க வேண்டும். அந்த வாரம் அந்தப் பகுதி முழுக்க ஜனங்கள் செஸ் பலகையைப் பார்த்துக்கொண்டு மேலும் கீழும் போய்வந்தார்கள். நாத்தனாரும் சும்மா இருக்கவில்லை. ஒரு கட்டு நகலை வாங்கிக்கொண்டு போய், தையல் கடையிலும் மருந்துக்கடையிலும் ஒட்டிவிட்டு வந்தாள். “எங்க அண்ணியைப் போய் ஏமாத்துக்காரின்னு சொல்றதா?” என்று கேட்ட இடத்திலெல்லாம் சண்டைக்கும் நின்றாள். அன்று மாடியிலிருந்து இறங்கி வந்து பேசியது இவள்தானா என்று இருந்தது டோக்கன் அக்காவுக்கு.

ஃபோன் ஓயாமல் அடித்தது. எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். “ராணியை ஒரு கட்டம் பக்கத்துல நகர்த்தணும், கறுப்பு ஜெயிச்சிடும்.” ஓய்வு பெற்ற மாஜிஸ்திரேட் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொன்னார்கள். காவலாளி ஒருவர் இரண்டு மாற்று வழிகளோடு கூப்பிட்டார். எல்லாம் சரியான பதில். அதனாலேயே எல்லாம் தப்பான பதில். ‘என்ன ஆட வேண்டும்’ என்று அவள் கேட்கவில்லை. ‘என்ன ஆடியது’ என்றுதான் கேட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒருவர் கூப்பிட்டார். பின்னணியில் லாரி சத்தம். தயங்கித் தயங்கிப் பேசினார்.

“அம்மா, இந்தப் படம்... இதுல கறுப்பு யானையால சிப்பாயை வெட்டிச்சு. வெட்டியிருக்கவே கூடாது. வெட்டித் தொலைச்சிடுச்சு.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். “ஏன் வெட்டிச்சு?”

“சரக்கு லாரி வந்துடுச்சும்மா. ஹாரனை வச்சு அடிக்கிறான். ஒரு கையில முட்டைத் தட்டு. இன்னொரு கையால எதையோ தொட்டுட்டு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தா மேட்டு. அன்னிக்கு எனக்குச் சாப்பாடே இறங்கலை.”

“அண்ணே, நீங்க ஓடா?”

“நீங்க... அடுத்தவரா?” என்று கேட்டது குரல்.

“ஆமா, நான்தான் அடுத்தவர்!” என்று அவள் கத்தியதில், வரிசையில் இருந்தவர்கள் தங்கள் முறை வந்துவிட்டது என்று நினைத்து மொத்தமாக எழுந்து நின்றார்கள்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அப்போதே கிளம்பிப் போனாள். மொத்த வியாபார முட்டைக் கடை. தரையிலிருந்து கூரை வரை அட்டைத் தட்டுகள். நடுவில் மலை மாதிரி ஒரு மனிதர். பெருவிரல் ஒவ்வொன்றும் கத்தரிக்காய் கனம். ஆனால் அந்தக் கைகளில் ஒரு முட்டைகூட உடைந்தது கிடையாதாம். ‘ஓடு’ என்றால் முட்டை ஓடு! இத்தனை நாளும் விரட்டுகிறான் என்று நினைத்தோமே என்று சொல்லி அவள் சிரிக்க, அவர், “நான் மட்டும் என்னவாம்? அடுத்தவர்னு பார்த்ததும், எவனோ ஊரை ஏமாத்த இன்னொருத்தன் பேருல ஆடுறான்னு நினைச்சேன்” என்றார்.

கணக்கு முடங்கியது அவருக்குத் தெரியும். மெயிலை மட்டும் அவர் பார்க்கவே இல்லை. “நமக்கெல்லாம் இது சரிப்படாது போலன்னு விட்டுட்டேன் தங்கச்சி. யார்கிட்ட போய்ச் சொல்றது?”

“என்கிட்ட சொல்லுங்க. நாளைக்குக் காலைல என் பக்கத்துல வந்து உக்காருங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்.”

சனிக்கிழமை காலை அவள் வீட்டு மேசையில் இரண்டு பேரும் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். ஒரு கேமராவில் இரண்டு முகமும். நடுவர் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தாங்களே ஒருவரை ஒருவர் எதிர்த்து ஒரு ஆட்டம் ஆடச் சொன்னார். இரண்டு கருவி, ஒரே ரூட்டர், ஒரே முகவரி. முட்டைக்கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே குதிரையைக் காவு கொடுத்தார். அவள் சிப்பாயை மெல்ல நகர்த்தினாள். ஏன் இந்த நகர்த்தல் என்று நடுவர் நடுநடுவே கேட்க, ஒருவர் படபடவென்று கையை ஆட்டி விளக்கினார். இன்னொருத்தி இரண்டே வார்த்தையில் முடித்தாள். ஆட்டம் சமனில் முடிவதற்கு முன்பே நடுவர் கையை உயர்த்திவிட்டார்.

“போதும். இந்த ரெண்டு மூளையும் ஒரு தலைக்குள்ள இருக்க முடியாது” என்றார். பிறகு எழுந்து நின்று, “உங்க ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்” என்றார். அவர் அப்படி நின்றது அவளுக்கு என்னவோ செய்துவிட்டது. அவளும் எழுந்து நின்று, “பரவாயில்லை சார், நேரமாச்சு, ஆரம்பிக்கலாம்” என்று மட்டும் சொன்னாள்.

சிவப்பு எழுத்து போயிற்று. அதோடு நிற்கவில்லை. ஒரே முகவரி என்ற ஒரு காரணத்துக்காக இனி யாரையும் நீக்குவதில்லை என்று தளம் அறிவித்தது. முன்னால் அப்படி நீக்கப்பட்டவர்களையும் ஆராய்ந்து திரும்பச் சேர்த்தார்கள். விடுதியில் தங்கி ஆடிய மாணவிகள் ஒரு கூட்டம், ஒரே வீட்டில் ஆடிய இரட்டையர்கள், ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் கிடந்து ஆடியவர்கள் என்று வரிசையாக உள்ளே வந்தார்கள். ‘அடுத்தவருக்கு நன்றி’ என்று அவர்கள் எழுதியதை நாத்தனார் வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டினாள்.

காலிறுதியில் அவள் சுலபமாக ஜெயித்தாள். முட்டைக்கடைக்காரர் போன வருஷத்து வெற்றியாளரிடம் தோற்றார். விமானப் பணிப்பெண்ணாம் அவள். ஆட்டமும் ஆகாயத்திலிருந்து இறங்குகிற மாதிரி இருக்கும். “விடு தங்கச்சி, பைனல்ல நீ அவளைக் கவனிச்சுக்கோ” என்றார். அவர் வாக்குப்படியே அவளும் பணிப்பெண்ணும் அரையிறுதியைத் தாண்டினார்கள். இறுதி ஆட்டத்தன்று அவர் ஒரு தட்டு முட்டையோடு வந்து சோபாவில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கணவன் லீவு போட்டிருந்தான். இன்ஜினியரும் வந்திருந்தாள்.

ஆட்டம் கழுத்தைப் பிடிக்கும் நிலைமைக்கு வந்தது. இரண்டு பக்கமும் கடிகாரம் கரைந்துகொண்டிருந்தது. அவளிடம் ஒரு சிப்பாய் கூடுதல். அதைக் கரை சேர்த்தால் ராணி. அந்த நேரம் பார்த்துப் பட்டென்று கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது. ரூட்டரின் விளக்குகள் அணைந்தன. திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

“போச்சு!” என்று கணவன் தலையில் கை வைத்தான்.

அவள் தலை நிமிரவில்லை. கைபேசியை எடுத்து அதன் இணையத்தை டேப்லெட்டுக்குத் திறந்துவிட்டாள். கடிகாரம் மட்டும் அவள் நேரத்தைத் தின்றுகொண்டே இருந்தது. பலகை திரும்ப வந்தது. கூடவே ஓரத்தில் மஞ்சள் எச்சரிக்கை: ‘இணைய முகவரி மாறியுள்ளது.’

நடுவரின் குரல் கேட்டது. “மேடம், முகவரி மாறியிருக்கு.”

“ஆமா சார். இங்க கரண்ட் போயிடுச்சு. ஃபோன் வழியா வந்திருக்கேன்.”

“முகவரிதான் மாறியிருக்கு, ஆள் மாறலை. கேமராவுல பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆடுங்க.”

அவள் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினாள். எதிராளி செக் வைத்தாள். ராஜாவை ஒதுக்கினாள். இன்னொரு செக். மறுபடி ஒதுக்கினாள். எதிராளிக்குச் செக் தீர்ந்து போயிற்று. சிப்பாய் கடைசி வரிசையில் போய் நின்றது. காய்களைப் பொறுக்கி டப்பாவில் வைக்க மட்டுமே விடப்பட்டிருந்த கை, அந்தச் சிப்பாயை எடுத்துவிட்டு ராணியை வைத்தது. விமானப் பணிப்பெண் ஒரு நிமிஷம் பலகையைப் பார்த்தாள். பிறகு ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, கேமராவுக்கு முன்னால் இரண்டு கையாலும் தட்டினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த கூச்சலில் மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்த வேகத்துக்குப் படிக்கட்டே அதிர்ந்தது. கணவன் அவளைத் தூக்கப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டான். முட்டைக்கடைக்காரர் துள்ளிக் குதித்ததில், வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு தட்டு முட்டையும் தரையில் போய் உடைந்தது. “உடையட்டும்! இன்னிக்கு உடையலைன்னா என்னிக்கு உடையறது!” என்று அந்த மலை மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரிய அண்ணனிடமிருந்து ஃபோன் வந்தது. எப்படியோ கேள்விப்பட்டிருந்தான். கொஞ்ச நேரம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, “ஒருநாள் என்னோட ஒரு ஆட்டம் ஆடறியா?” என்று கேட்டான்.

“ஆடலாம் அண்ணா. ஆனா பார்த்துக்கோ, குட்டுக்குக் குட்டு உண்டு” என்றாள்.

திங்கட்கிழமை கிளினிக்கில் அவள் நுழைந்ததும், டாக்டர் கையுறையோடு வெளியே வந்து கை தட்டினார். வரிசையில் இருந்தவர்களும் தட்டினார்கள். அப்போதுதான் ஊசி போட்டுக்கொண்டு வாய் மரத்துப்போயிருந்த ஒருவர், ஏதோ சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுந்து நின்று, “வாயுத்துயள் அய்யா!” என்று அக்காவை வாழ்த்தினார். கிளினிக்கே குலுங்கிச் சிரித்தது. அவரும் கோணல் வாயோடு சிரித்தார். அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, அடுத்த டோக்கனை அவருக்குப் பின்னால் நின்றவரிடம் நீட்டினாள்.